நீலக்கோடு முடிந்த பிறகு

மலையே இல்லாத நாட்டில்
ஆற்றுக்குத் தலை எங்கே இருக்கும் என்று
ஐயர் யோசிக்கவில்லை.
"குடமுழுக்குக்கு மூலத்திலை ஒரு குடம்
எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.
பஞ்சாங்கத்தை மூடினார்.

"காசித் தண்ணி கிளிநொச்சிக் கடையிலை
போத்திலிலை கிடக்குதே" என்றான் நிரோஜன்.
யாரும் கேட்டமாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆடி இருபத்திரண்டு. ஒன்பது பேர்.
கனகராயன்குளம் தாண்டி
பாதை காடாகிற இடம்வரை
மரியதாசின் லான்ட்மாஸ்டர்.
பெட்டிக்குள் பாண், தேங்காய்ச் சம்பல்,
மஞ்சள் துணி கட்டிய பித்தளைக் குடம்.
அவன் வேதக்காரன். கருவாட்டுப் பொரியலோடு
தனியே ஒரு பார்சல் வைத்திருந்தான்.
"எனக்கும் மெசினுக்கும் விரதமில்லை" என்று
நிழல் பார்த்துப் படுத்துவிட்டான்.

நாங்கள் மணலில் இறங்கினோம்.

முதற்கட்டை முழுக்கப் பேச்சு.
பிறகு செருப்புகளைக் கையில் எடுத்தோம்,
பிறகு சூடு தாங்காமல் திரும்பப் போட்டோம்.
ட்ரக்டர்கள் அள்ளிப்போன குழிகளில்
ஆறு பல் விழுந்த வாயாய்க் கிடந்தது.
இரு கரையிலும் மருது
வேர்களை நீட்டிக்கொண்டு
வராத ஒன்றுக்குக் கால் நனைக்கக் காத்திருந்தது.

ஒரு வளைவில் புஸ்பராணி மட்டும்
மணலை விட்டுக் கரையேறிவிட்டா.
முள்ளுக்குள்ளால், தனியே,
அந்த வளைவு முடியும்வரை நடந்தா.
ஏன் என்று கேட்கத் தெரியாத ஒருத்தர்கூட
எங்களில் இல்லை.
அதனால் கேட்கவில்லை.

நிரோஜனின் போனில் ஆறு ஒரு நீலக்கோடு.
பன்னிரண்டே காலுக்குக் கோடு முடிந்தது.
மணல் முடியவில்லை.

கொஞ்சம் போக, இரண்டாய்ப் பிரிந்தது.
இரண்டும் ஒரே மெலிவு, ஒரே வெள்ளை.
வாக்கெடுத்தோம்: இடதுக்கு நாலு, வலதுக்கு நாலு,
ஒருத்தர் பாலைப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
இடப்பக்கம் இலத்தி கிடந்தது, ஈரம் காயாமல்.
"யானை போன பக்கம் தண்ணி நிக்கும்" என்றார் குணநிதி.
"யானையும் நிக்கும்" என்றா அவரின் மனுசி.
இடப்பக்கம் போனோம்.

ஆறு சேலையகலம் ஆனது,
துவாயகலம் ஆனது,
ஒரு எட்டில் தாண்டலாம் என்றானது.
முதிரைகளுக்கு நடுவே
ஒரு குழி.
காலால் கிண்டி, தும்பிக்கை விட்டுக் குடித்துவிட்டு
யாரோ பெரியவர் எழுந்து போயிருந்தார்.
அடியில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கை நீர்.
சுற்றிவர மஞ்சள் வண்ணாத்திப்பூச்சிகள்.

இதுதானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தேவாரம் தொடங்கிய சபாநாதர்
இரண்டாம் அடியில் நிறுத்திவிட்டார்.
நீர் ஊறுவது கேட்டது.
ஒரு சிரட்டை அள்ளினால் குழி வெறும் மணல்.
பார்த்துக்கொண்டே இருந்தால்
மணல் மெல்லக் கறுக்கும், மினுங்கும்,
இன்னொரு சிரட்டை.
குடம் நிறைய ஒன்றே முக்கால் மணித்தியாலம்.
கதலிச் சீப்பொன்றைக் குழியோரம் வைத்தோம்,
சாமிக்கா, குழி தோண்டினவருக்கா என்று
பிரித்துச் சொல்லாமல்.

திரும்பி வர மைம்மல்.
மரியதாஸ் நெற்றியில் கை வைத்து நின்றான்.
மெசினின் தண்ணித் தொட்டி ஒழுகி, வறண்டு,
தட்டினால் வெறும் தகரம்.
எங்கள் போத்தில்களை
எப்போதோ குடித்து முடித்திருந்தோம்.
காட்டுக்குள் எங்கோ ஒரு கொப்பு முறிந்தது.
பிறகு இன்னொன்று, கொஞ்சம் கிட்ட.

எல்லாரும் குடத்தைப் பார்க்காமல் நின்றோம்.

கடைசிக் கட்டை முழுக்க அதைத் தலையில் சுமந்தது
புஸ்பராணி.
இறக்கினா. மஞ்சள் துணியை அவிழ்த்தா.
அரைவாசி ஊற்றினா,
பிள்ளைக்குத் தலை வார்க்கிற பதத்தில், சிந்தாமல்.
மரியதாஸ் தொப்பியைக் கழற்றிச்
சிலுவை போட்டுக்கொண்டான்.
மூன்றாம் இழுவையில் பிடித்தது.

"மூலத்திலையோ எடுத்தனீங்கள்?" என்றார் ஐயர்.
"ஓம்."
குறைக்குடத்தை ஒருகணம் பார்த்தார்.
குளத்துத் தண்ணி விட்டு நிறைத்தார்.

மரியதாஸ் ஒழுகலை அடைத்துவிட்டான்.
இன்னும் அந்தத் தண்ணியை மாற்றவில்லையாம்.
கொதித்துக் குறையக் குறைய மேலால் விடுகிறான்,
அடியில் கிடப்பதை வடிக்கிறானில்லை.