சுவரோடு பேசிய டிவி

தவணையில் வந்த டிவிக்கு
வாய் முதுகில் இருந்தது.
நாற்பத்து மூன்று அங்குலம், அப்பளம் போல ஒல்லி.
ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில்
அது படத்தை எங்களுக்கும்
பேச்சைச் சுவருக்கும் கொடுத்தது.

பதினாறு பவர்லூம் ஓடும் கொட்டகையில்
இருபத்தோரு வருஷம் நின்றவர் கஜபதி.
வால்யூம் நூறு வைத்தாலும்
"இன்னா சொல்றான்?" என்பார்.
நூற்றுக்கு மேல் ரிமோட்டில் எண் இல்லை.

கட்டிலுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர் இருந்தது.
கல்யாணத்து வருஷம் பர்மா பஜாரில் வாங்கியது,
கன்றுக்குட்டி கனம். இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்.
பல்லி முட்டை மூன்றை ஒதுக்கிவிட்டுத் துடைத்தேன்.
பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாய் ஓட்டைகள்.
டிவியைத் திருப்பினால்
மூடி போட்ட ஒரு சதுரப் பொந்து மட்டும்,
உள்ளே சிவப்பாய் ஒரு வெளிச்சம்
யாரையோ எதிர்பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

நகரியில் மூன்று கடை ஏறினேன். "லேது அக்கா."
எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டிலும் அதேதான், தமிழில்.
புத்தூரில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் யுகந்தர்தான்
"ஒலியை ஒலியா மாத்தணும்க்கா" என்றான்,
ஒளிக்கும் ஒலிக்கும் ஒரே லகரத்தில்.
எனக்குப் புரிந்துவிட்டது.
தீப்பெட்டி அளவு டப்பா, அறுநூற்று ஐம்பது ரூபாய்.
ஒரு பக்கம் வெளிச்சம் நுழையும்,
மறுபக்கம் சிவப்பு, வெள்ளை.

முதலில் போனோ என்ற ஓட்டையில் செருகித்
தெருநாயை எழுப்பினேன்.
ஆக்ஸுக்கு மாற்றினால் ம்ம்ம்ம் என்று ஒரு முனகல்,
கரண்ட் போன தெருவிலும் தறி ஓடுவது போல.
எல்லா பிளக்கையும் ஒரே போர்டில் மாட்டியதும்
பாதியானது. மீதியோடு வாழலாம்.
அப்புறம் டிவிக்குள் இறங்கினேன்.
செட்டிங், சவுண்ட், டிஜிட்டல், பிசிஎம்.
போகிற வழியில் என்னென்னவோ அழுத்தினேன்.

வந்தாள் செய்தி வாசிக்கிற பெண்,
நெஞ்சுக்குள்ளிருந்து,
அலமாரியில் டம்ளர் நடுங்க.

கஜபதி லுங்கியை மடித்துக்கட்டி எதிரே உட்கார்ந்தார்.
ஐந்து நிமிடம் பேச்சில்லை. பிறகு,
"உதடு முன்னாடி போவுது,
சத்தம் பின்னாடி வருது" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தேன்.
அவள் வாயை மூடிய பிறகும்
மழை நிலவரத்தில் கடைசித் துளி மிச்சமிருந்தது.
டிலே என்ற இடத்தில்
நான் அழுத்திவைத்த இருநூறு. சைபர் ஆக்கினேன்.
"இப்ப சரி" என்றார், உடனே.

காது மந்தமான ஆளுக்கு
எப்படித் தெரிந்தது இது?
"கொட்டாயில யாருக்குக் காது?
வாயைப் பார்த்துதான் எல்லாம்..."
என்றவர் பாதியில் நிறுத்தினார்.

நானும் நின்றேன்.
சோறு போடும்போது எதிரே நின்று
சத்தம் வராமல்தானே சொல்கிறோம் என்று
அவரையும் அவர் அக்காவையும்
நான் முணுமுணுத்ததெல்லாம்!
சீட்டுப் பணம். போன தீபாவளி.
அந்த ஒரு வார்த்தை, அதை இங்கே எழுத மாட்டேன்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
இன்னொரு கரண்டி ரசம் கேட்ட மனுஷன்.

இப்போதும் என்னைப் பார்க்கவில்லை,
செய்தியைத்தான் பார்த்தார்.
மீசையின் இடது ஓரம் மட்டும் துடித்தது.

பக்கத்து வீட்டில் கைக்குழந்தை.
இந்த இணைப்பில் ரிமோட்டுக்கு வால்யூம் அடங்காது,
எழுந்துபோய்க் குமிழைத் திருக வேண்டும்.
டிவி ஓரமாய்ப் போய் நின்று
குரலை உள்ளேயே வைத்துக்கொண்டு
உதட்டை மட்டும் அசைத்தேன்:
கொஞ்சம் குறைங்களேன்.

எழுந்தார். குறைத்தார்.
உட்காரப் போனவர் திரும்பி
ரசம் இருக்குதா என்றார்,
அவரும் குரலில்லாமல்.

எனக்கு இரண்டாம் தடவைதான் புரிந்தது.