நான்கும் இழுக்கும்

மூவாயிரத்து இருநூறு யூரோ.
உறைக்குள் பணம், கையுறைக்குள் உறை.
அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.
அதற்குள் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும்.

போன சனவரியில் என் பழைய புன்டோ
சான் பெலீனோ வளைவில் பின்பக்கமாக வழுக்கியது.
பள்ளத்தோரம் அதை விட்டுவிட்டு
இன்சுலின் பெட்டியைக் கோட்டுக்குள் அணைத்து
முழங்கால் பனியில் இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.
மேலே மூன்று வீடுகள்.
மூன்றிலும் புகை, மூன்றிலும் ஆறாத புண்.
செவிலிக்குச் சம்பளம் வீட்டுக் கணக்கில்;
நடைக்கு இல்லை.

பன்ஃபிலோ தொழுவத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தார்:
வெளிர்பச்சை பாண்டா, தொண்ணூற்றாறாம் வருடத்தது,
தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல.
கழுவியிருந்தார்.
மலையில் நவம்பரில் யார் வண்டி கழுவுகிறார்கள்?

"வேட்டைக்கே போனதில்லை" என்றார்.
பின்னிருக்கை முழுக்க நாய் மயிர்.
எண்பத்தோராயிரம் என்றது மீட்டர்.
வழுக்கையாகிப்போன பிரேக் மிதி அதை நம்பவில்லை.

எட்டோரே தொலைபேசியில் சொல்லியிருந்தான்:
பெயின்ட்டைப் பார்க்காதே.
டயர் நான்கும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கிறதா பார்.
பிறகு கோட்டைக் கழற்று, கீழே படு.

முன் இரண்டும் தேய்ந்திருந்தன.
பின் இரண்டில்
கடை ரப்பரின் பூனைமுடி இன்னும் உதிரவில்லை.

கியருக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன நெம்புகோல்.
இழுத்தேன், பச்சை விளக்கு எரிந்தது.
"பார்த்தாயா, நான்கும் இழுக்கும். ஆடு மாதிரி ஏறும்."
அந்த ஈரச் சரிவில் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கட்டுமா?
"புல் கெட்டுவிடும்."

தானமாக வந்த மாட்டைத்தான்
பல் பிடித்துப் பார்க்கக் கூடாது.
நான் விலைக்கு வந்தவள்.
சாணி காய்ந்த கல்லில் மல்லாந்து படுத்தேன்.

துரு, எதிர்பார்த்ததுதான், ஓரங்களில் பிஸ்கட் மாதிரி.
எண்ணெய் ஒரு சொட்டு, அதுவும் யோசித்து யோசித்து.
அப்புறம்
முன்னாலிருந்து பின்னால் வரை
ஒரு தண்டு ஓட வேண்டிய இடத்தில்
கல்சுவர் தெரிந்தது,
அதற்கு முன்னால் ஒரு கோழியின் கால்கள்.

வெளியே வராமலே கேட்டேன்:
"பன்ஃபிலோ, தண்டு எங்கே?"

அவருடைய பூட்ஸ் இரண்டும் அசையவில்லை.
கோழிதான் நகர்ந்தது.
காத்திருந்தேன்.
நோயாளிகளிடம் கற்றது இது:
பொய் ஓடி வந்துவிடும், உண்மைக்கு மூட்டுவலி.

"முனகியது" என்றார் கடைசியில்.
"அசுந்தாவை வாரம் மூன்று தடவை
ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.
ஒவ்வொரு வளைவிலும் முனகும்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குத்தான் எது வண்டி, எது அவள் என்று
பிரித்துக் கேட்க முடியவில்லை. கழற்றிவிட்டேன்.
அப்புறம் பனியில் போக வேலை வரவில்லை."

இரக்கம் வந்தது. முதுகில் ஈரமும் ஏறியது.
இரக்கத்துக்கென்று நான் தனி உறை கொண்டுவரவில்லை.
"ஆயிரத்து ஐந்நூறு" என்றேன், அடியிலிருந்தே.
"மூவாயிரம் என்றல்லவா எழுதியிருந்தேன்!"
"நான்குக்கு மூவாயிரம். இரண்டுக்கு நீங்களே வகுத்துப் பாருங்கள்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் முடிந்தது, தண்டோடு சேர்த்து.
வைக்கோலுக்கடியில் இருந்தது,
சாக்கில் சுற்றி, கிரீஸ் பூசி, நுனிகளைத் துணியால் கட்டி.
வேண்டாதது என்றால் கிரீஸ் எதற்கு?
கேட்கவில்லை.

மீதி ஆயிரத்து முந்நூறில்
பெயர் மாற்றக் கட்டணம், பேரிங்,
எட்டோரேயின் இரண்டு இரவுகள்.

இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறேன்.
தண்டு பின்னிருக்கையில் படுத்திருக்கிறது.
பெல்ட் போட்டுவிட்டேன்.
வளைவுதோறும் லேசாக உருண்டு
நாய் மயிரில் தலை வைக்கிறது.
சும்மா நெம்புகோலை இழுத்துப் பார்க்கிறேன்.
பச்சை விளக்கு எரிகிறது, வெட்கமே இல்லாமல்.

வானொலி சொல்கிறது, வியாழக்கிழமை பனி.
இன்று செவ்வாய்.