எழுபத்து மூன்றாம் நாள்

சீனப் புத்தாண்டு முதல் நாள்.
கென்ட் ரிட்ஜில் என்னோடு இறங்கிய ஒரே ஆள்
இரண்டு ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்தபடி
வேறு வாசல் பக்கம் போய்விட்டார்.

கட்டடத்தில் ஏர்கானை நிறுத்திவிட்டார்கள்.
கரைசலுக்குள் கிடக்கும் திருகாணிகளுக்கு
இன்று விடுமுறை என்று யாரும் சொல்லவில்லை.
முப்பத்தேழு டிகிரி.
உடம்பின் உப்பை நகலெடுத்த நீர்.
அதற்குள் அரிசி நீளத்தில் மக்னீசியம்,
எழுபத்து மூன்று நாளாய்
இல்லாத ஒரு தாடையின்
இல்லாத ஒரு முறிவை
இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

எடுப்பேன், கழுவுவேன், உலர்த்துவேன், நிறுப்பேன்.
போன வாரத்தைவிட எவ்வளவு இல்லை
என்று எழுதுவேன்.
இதற்குத்தான் சம்பளம்.
(தேக்கா மார்க்கெட்டில் ஐம்பது கிராம் குறைந்தால்
சண்டைக்கு நிற்கிறவள் நான்.)

திருகாணிக்கு மேலே பூசியிருப்பது இறால்.
ஆமாம், இறால் ஓடு.
ஹொக்கியன் மீ கடை ஹெங்
சாறெடுத்து முடித்த ஓடுகளை
எனக்கென்று சிவப்புப் பையில் கட்டிவைப்பார்.
ரயிலில் என் பக்கத்து இருக்கை
எப்போதும் காலி.

"இதை வைச்சு என்னதான் பண்றே?"
"பல்லுக்கும் எலும்புக்கும் ஒட்டுப்போட."
சிரித்தார்.
மேல் வரிசை முழுக்க பிளாஸ்டிக்.
"முப்பது வருஷம் லேட்டு" என்றார்,
இன்னொரு பையையும் கொடுத்தார்.

அமிலத்தில் சுண்ணாம்பு போகும்.
காரத்தில் புரதம் போகும்.
கையிலிருந்து வாடை மட்டும் போகாது.
மிஞ்சுகிற வெள்ளைத் தூள்
கிருமிக்கு ஆகாது.
ஆலும் வேலும் சொன்னவர்கள்
இறாலைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அறுவை மருத்துவர் நூருல்ஹுதா
எங்கள் கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார்.
போன மாதம் ஒரு படத்தை மேசையில் வைத்தார்.
சாரத்திலிருந்து விழுந்த ஷொஹிதுலின் தாடை,
அதில் டைட்டானியத் தகடு, நான்கு ஆணி.
"ஓரத்தில் சீழ் பிடித்திருக்கிறது.
திறந்து எடுக்கணும்.
பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டான்.
அங்கே யார் திறப்பார்?"
அவ்வளவுதான்.
படத்தை உறையில் போட்டுக்கொண்டு
அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

எலும்பு கூடும்வரை நின்று தாங்கணும்,
கூடியபின் சொல்லாமல் கரைந்து போகணும்
என்று திட்ட அறிக்கையில்
நான்தான் எழுதினேன்.
அன்றிரவு அந்த வரியைப் படித்தபோது
யாரைப் பற்றி எழுதினேன் என்று
குழம்பிவிட்டது.
அறிக்கையை மூடிவைத்தேன்.
திருகாணியைத் திருகாணியாகவே பார்க்கத்தான்
தராசு இருக்கிறது.

இன்றைக்கு மூன்று எடுக்கணும்.
முதல் குப்பி: சரி.
இரண்டாவது: தலை தேய்ந்திருக்கிறது, இருந்தாலும் சரி.
மூன்றாவதில்
சாம்பல் நிறத்தில் கொஞ்சம் மண்டி.
இடுக்கியால் துழாவினேன்.
பிடிபட ஒன்றுமில்லை.
மூடியின் அடியில் குமிழிகள் மட்டும்
ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

தாடை கூடத் தொண்ணூறு நாள் வேண்டும்.
இது பதினேழு நாள் முன்னாலேயே
கையை விட்டுவிட்டது.

பக்கத்து அலமாரியில் கிருமித் தட்டு.
பற்சொத்தைக் கூட்டம்
தட்டு முழுக்கப் பனிபோலப் படர்ந்து
பூச்சைச் சுற்றி மட்டும்
எட்டிப்பார்க்கவில்லை.
பதினான்கு மில்லிமீட்டர் வெறுமை.
அளவுகோலை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.
இவ்வளவு அழகான ஒன்றுமில்லாததை
யாரிடமாவது காட்டணும்போல இருந்தது.
தாழ்வாரத்தில் கதவு தட்டும் சத்தமும் இல்லை.

எதிரியை அண்டவிடவில்லை;
தானும் நிற்கவில்லை.
குறிப்பேட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.
'தோல்வி' என்று எழுதி
பக்கத்தில் சின்னதாக '14' போட்டேன்.
நெற்றி வியர்வை தராசில் விழாதபடி
தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

இடது கடைவாய்ப்பல்
அக்டோபரிலிருந்து தெறிக்கிறது.
பல் மருத்துவரிடம் போக நேரமில்லை
என்று சொன்னால் சிரிப்பார்கள்.
இன்றைக்கு கிளினிக்கும் மூடல்.
பையில் இரண்டு கிராம்பு இருந்தது.

எழுபத்து நான்கு என்று அடுத்த பக்கத்தில்
தேதி போட்டுவைத்தேன்.
நாக்கு அந்தக் குழிக்குப் போகிறது.
வேண்டாம் என்கிறேன்.
மறுபடி போகிறது,
அளக்க.