கேற்றடியில் ஒரு லொறி

பகலில் பல் செய்கிறேன்.
கொட்டாஞ்சேனையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்,
நான் ஒருநாளும் காணாத வாய்களுக்கு
மேல்வரிசை, கீழ்வரிசை, சிலவேளை ஒற்றைக் கடைவாய்.
ஆகவே றெசின் எனக்குப் புதிதல்ல.
எங்கே குமிழி விடும், எவ்வளவு சுருங்கும்,
காய்ந்துவிட்டேன் என்று எத்தனை மணிநேரம் பொய் சொல்லும்,
எல்லாம் விரலுக்குத் தெரியும்.

லொறி பதினேழு துண்டுகளாய் வந்தது,
வெற்றிலை போடாதவர் பல்லின் நிறத்தில்.
எழுபத்தாறில் ஒரு பங்கு.
வலது மட்காட்டில் ஒரு காற்றுக்குழி.
முன் சட்டம் கோணல். அதைச் சுடுநீரில் போட்டு நிமிர்த்தினேன்,
தேநீர்க் கோப்பையில்தான், வேறு பாத்திரம் கழுவியிருக்கவில்லை.
குழியை அடைக்க வேலைத்தலத்திலிருந்து
ஒரு சொட்டு பல் சீமெந்து.
முதலாளியம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால்
சம்பளத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

என் அறை வெள்ளவத்தையில், தண்டவாளப் பக்கம்.
பாணந்துறைக்குப் போகிற வண்டி வந்தால்
மேசை நடுங்கும், தூரிகை நடுங்கும்,
நீல வாளித் தண்ணீரில் வட்டம் விழும்.
முன்பெட்டிக்கு அந்த வாளியின் நீலமே பூசினேன்.
பலகைப் பக்கத்துக்குக் காவி, அதன்மேல் ஒரு மஞ்சள் கோடு.
வண்டிகளுக்கு இடையில் மூச்சைப் பிடித்து இழுத்தேன்.
நேர அட்டவணையில் இல்லாத ஒன்று வந்தது.
கோடு பின்சில்லுக்கு மேலே
ஒரு மயிரளவு துள்ளி இறங்கியது.
துடைக்க எடுத்த துணியைத் திரும்ப வைத்தேன்.
இந்தக் கொழும்பில் நேர்கோடு உள்ள லொறியை
யார் கண்டிருக்கிறார்கள்?

சேற்றுக்கு, வடித்த தேயிலைத் தூள்.
கறளுக்கு, வேலிக் கம்பியில் சுரண்டிய நிசக் கறள்.
இலக்கத்தகட்டில் அன்று முடித்த கீழ்வரிசையின் ஓடர் இலக்கம்.
நெற்றியில் என்ன எழுதுவது என்றுதான் சண்டை வந்தது.
ஃபலீல் ஒன்று சொன்னான், யூரியான்ஸ் ஒன்று சொன்னார்.
நான் ஒற்றை மயிர்த் தூரிகையால்
மூன்று வளைவும் ஒரு சுழியும் போட்டேன்.
"கடன் இல்லை," என்று வாசித்தான் ஃபலீல்.
தமிழ் வாசிக்கத் தெரியாத யூரியான்ஸ்
பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டு
"கடவுள் துணைதானே" என்றார்.

பிறகு, சாரதி.
ஆசனத்தில் அவன் பொருந்தவில்லை.
முழங்காலுக்கு மேலே அறுக்க வேண்டும்.
இந்த நாட்டில் அந்த வசனத்தை
ஒருவர் சும்மா எழுதிவிட முடியாது.
கத்தியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன்,
கடலைப் பார்த்தேன், நுளம்பு கடித்தது,
திரும்பி வந்து அறுத்தேன்.
ஜன்னலுக்குக் கீழே யாரும் பார்ப்பதில்லை.
கால்களை எறியவில்லை.
பல் மாதிரி வைக்கும் குட்டிப் பெட்டியில் போட்டு
மேலே 'சாரதி' என்று ஒட்டினேன்.

தெமட்டகொடையில், யூரியான்ஸின் முன்னறையில்,
இரண்டு கதவுப் பலகைகளின்மேல் ஒரு கரையோரப் பாதை.
ஃபலீல் ஆளியை அழுத்தினான்.
கேற் விழுந்தது. வண்டி போனது, ஆறு பெட்டி.
கேற் எழுந்தது.
லொறிக்கு இயந்திரம் இல்லை,
எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பொறுக்க முடியாமல் ஃபலீல்
வாயாலேயே ஹோர்ன் அடித்தான்,
பின்னால் நிற்கும் பஸ்ஸைப் போல, விடாமல்.
சிரித்ததில் யூரியான்ஸின் மேல்வரிசை கழன்றது.
அது நான் செய்ததல்ல.

இன்று வேலை முடிந்து வருகிறேன்.
ஒழுங்கை முடிவில் கேற் விழுந்திருக்கிறது.
முன்னால் ஒரு லொறி, பச்சை,
ஜன்னலுக்கு வெளியே தொங்கும் ஒரு முழங்கை.
வண்டி போனது. கேற் எழுந்தது. லொறி நகரவில்லை.
பக்கத்தில் போய், குதிக்காலை உயர்த்தி,
ஜன்னலுக்குக் கீழே எட்டிப் பார்க்கிறேன்.

"என்ன மிஸ்?" என்கிறான் அவன்.