இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில்

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் மிதப்பது.
இரும்பு மிதவைகளின் மேல் பலகை,
நாலு மோட்டார் சைக்கிள், ரீச்சர்மார், ஒரு கிடாய்,
குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு.
அந்தக் கார்த்திகையில்
பாதை ஓடாது என்றார்கள்.
வெல்லாவெளி றோட்டில் இடுப்பளவு தண்ணீர்.
மறுகா கரண்டும் போனது.

என் பொறுப்பில் இருந்தது ஒரு பிறிஜ்.
கதவில் ஒட்டிய தாளில்
காலையும் மாலையும் எழுதும் இலக்கம்
இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
பதினேழு வருசமாக எழுதுகிறேன்.
நான் பெற்ற பிள்ளைகளின் காய்ச்சலைக்கூட
இவ்வளவு ஒழுங்காய்க் குறித்ததில்லை.

ஜெனறேற்றர் இருந்தது.
பத்து லீற்றர் டீசல்
புத்தகத்தில் இருந்தது.

முன்பொருமுறை பாசிக்குடா ஹோட்டலில்
இரண்டு நாள் பட்டறை வைத்தார்கள்.
'தாங்குதிறன்' என்று திரையில் போட்டு
அம்புக்குறிகளால் ஒரு வட்டம்.
அதில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடுவதற்குள்
சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள்.
இறால் நன்றாயிருந்தது.

முதல் இரவு கதவைத் திறக்கவேயில்லை.
விடிய ஏழு.
தண்ணித் தாங்கியில் ஏறி நின்றால்தான் சிக்னல்.
மேலிடத்துக்கு எடுத்தேன்:
"பாத்துச் செய்யுங்க மிஸ்ஸி."
மருதமுனை ஆதம்லெவ்வைக்கு எடுத்தேன்.
வெள்ளிக்கிழமைகளில் எங்களூருக்கு மீன் கொண்டுவருகிறவர்.
"கடலுக்கு ஒருத்தரும் போகல்ல, மீன் இல்ல.
மீனுக்கு வாங்கின ஐஸ் சும்மா கிடக்கு.
எத்தின கட்டி வேணும்?"

உமிச் சாக்கில் சுற்றி
அவர் துறை மட்டும் கொண்டுவர,
வாவி எது வயல் எது என்று தெரியாத வெள்ளத்தில்
பூபாலபிள்ளை தோணி வலித்து வந்தார்.
ஐஸில் சூடை மீன் மணத்தது.

உடைத்துப் பைகளில் கட்டி
மேசைமேல் வரிசையாய் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.
பூபாலபிள்ளைக்குப் பொறுக்கவில்லை.
"என்ன கா இது?
உசிரக் குடுத்துக் கொண்டாந்த ஐஸ
உருக விட்டுட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்!"
வியர்க்காத ஐஸ் பக்கத்தில் பட்டால்
மருந்து உறைந்து செத்துவிடும்,
செத்தது வெளியே தெரியாது
என்று சொன்னேன்.
ஒரு பையைக் காதருகே ஆட்டிக் காட்டினேன்.
உள்ளே மெல்லச் சலசலத்தது.
"இப்ப வைக்கலாம்."
சூட்டுக்கும் பயம், குளிருக்கும் பயமா
என்று முணுமுணுத்துக்கொண்டே
அவரும் ஒவ்வொன்றாய் ஆட்டத் தொடங்கினார்.

நாலு பெட்டியில் ஒன்றுக்கு மூடி பிடிக்காது.
போன வருசமே எழுதிக் கேட்டது.
மூன்றாம் நாள் மாலை அதற்குள் பத்து.
எட்டு என்று எழுதியிருக்கலாம்,
விளக்கும் நானும்தான் இருந்தோம்.
ஒவ்வொரு குப்பியிலும் சின்னதாய் ஒரு வட்டம்,
வட்டத்துக்குள் சதுரம்.
இந்த வட்டத்தை எனக்கு வாசிக்கத் தெரியும்.
பன்னிரண்டு குப்பிகளில்
சதுரம் வட்டத்தின் நிறத்துக்கே கறுத்திருந்தது.
பத்து என்று எழுதினேன்.
பன்னிரண்டையும் புறம்பாய் வைத்தேன்.

ஐந்தாம் நாள் பள்ளிக்கூடத்து முகாமில்
சசிரேகாவின் இரண்டு மாதப் பெண்ணுக்குத்
தொடையில் ஊசி.
கரும்பலகையில் யாரோ விட்டுப்போன பின்னக் கணக்கு.
அவள் போட்ட சத்தத்தில்
அடுத்த வகுப்பறையில் உறங்கிய நாலு குழந்தைகள் எழும்பி
அவர்களும் தொடங்கினார்கள்.

தை பிறந்து கணக்காய்வு வந்தது.
"ஐஸ் வாங்க மூன்று விலைமனு எங்கே?"
வாங்கவில்லை சேர், அவர் காசு எடுக்கவில்லை.
"அப்படியென்றால் நன்கொடைப் படிவம்?"
அதை இன்னும் நிரப்பவில்லை.
பெறுமதி என்ற கூட்டில் என்ன எழுதுவது?

மூடி இன்னும் வரவில்லை.
சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கியிருக்கிறேன்.
திங்கட்கிழமைகளில்
ஜெனறேற்றர் தாங்கிக்குள் ஈர்க்குச்சி விட்டு அளக்கிறேன்.
இந்தக் கிழமை
நாலு விரல்.