ஈர விறகு

அதிகாலை மூன்று இருபது.
கொயாய்க்கே மருத்துவமனை ஆய்வகத்தில்
நானும், சுழன்று ஓய்ந்த மையவிலக்கியும்,
ஜன்னலை உலுக்கும் காற்றும்.
ஜூலை. சிலியின் தென்கோடியில் இது நடுக்குளிர்.
ஊரே விறகு எரிக்கிறது. விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.

அவசரப் பிரிவிலிருந்து ஊதா மூடிக் குழாய் ஒன்று:
ஆண், ஐம்பத்திரண்டு.
பல் தேய்த்தால் நிற்காத இரத்தம்.
தோளெல்லாம் கன்றிய தடம்.
சுமை தூக்குகிறவன், எங்காவது இடித்திருக்கும் என்று
ஒன்பது நாள் தனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம்.

தட்டணுக்கள் பதினோராயிரம் என்றது இயந்திரம்.
வெள்ளணுக்கள் ஆயிரத்து எண்ணூறு.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடும்.
அதற்காகவே தினமும் அதைத் துடைத்துவைக்கிறேன்.

இரத்தம் உறைந்திருந்தாலும் எண் குறையும்.
குச்சி விட்டுக் கிளறினேன்.
கட்டி இல்லை.

ஒரு சொட்டு. கண்ணாடிமேல் கண்ணாடி சாய்த்து
ஒரே இழுப்பு.
பிறகு காயவேண்டும்.
காயுமுன் சாயம் ஏற்றினால்
அணுக்கள் பொய் சொல்லும்.
அந்தச் சில நிமிடங்கள் மட்டும்
யாரும் என்னை அவசரப்படுத்த முடியாது.

எண்ணெய்ச் சொட்டு, நூறு மடங்கு வில்லை.
முதல் பத்துப் புலத்தில் ஆளரவமே இல்லை,
இடம்விட்டு நிற்கும் சிவப்பணுக்கள் தவிர.
பதினொன்றில், ஓரமாக,
கரு இரண்டாய் மடிந்த ஒன்று.
வளரவேண்டிய வயதில் வளர மறந்து
துகள்களாய் அள்ளி விழுங்கியிருந்தது.
நுண்திருகை ஒரு மயிரிழை திருப்பினேன்.

உள்ளே குச்சிகள்.
ஒன்றல்ல, இரண்டல்ல,
சேர்த்துக் கட்டிய ஒரு விறகுக்கட்டு.

பதினாறு வருடமாகப் படத்தில் மட்டும் பார்த்தது.
சொல்லக் கூசுகிறது:
அழகாக இருந்தது.

டாக்டர் ரெபொயேதோ தூக்கக் குரலில் கேட்டார்,
"நிச்சயமா, நிவியா?"
"இன்னும் நான்கு பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறேன்."
மறுமுனையில் போர்வை விலகும் ஓசை.

மஜ்ஜை எடுக்கவேண்டும்.
பதினைந்தாம் குரோமோசோமும் பதினேழாவதும்
துண்டு மாற்றிக்கொண்டனவா என்று
சந்தியாகோ சொல்லவேண்டும்.
அதற்கு விமானம் வேண்டும்,
விமானத்துக்குக் காற்று மனம் வைக்கவேண்டும்.
இந்த இரத்தம் அதுவரை பொறுக்காது.
மூளைக்குள் ஒரு கசிவு போதும், எல்லாம் முடிந்துவிடும்.
மாத்திரை இருக்கிறது, விட்டமின் ஏ வகையறா:
வளர மறந்த அணுவை வளரச் சொல்வது.
உறுதியாகும்வரை காத்திராமல்
சந்தேகத்திலேயே கொடுக்கவேண்டியது.

ஆக, அந்த இரவின் பெரிய கேள்வி
மருந்தகப் பூட்டுச் சாவி யாரிடம் என்பதுதான்.

அறிக்கை எழுதும்போதுதான் பெயரைப் படித்தேன்.
அதுவரை பட்டைக்கோடு, ஓர் எண்.
எலெயொதோரோ நாவெல்கின்.

மூன்று வாரம் முன்பு
எனக்கு ஈர விறகு விற்றவன்.
தெரு கேட்கச் சத்தம் போட்டேன்.
"காயும் சென்யோரா, இவ்வளவு காற்று இருக்கிறதே" என்றான்.
வழக்கமாக ஐந்து கட்டை தூக்குகிறவன்
இரண்டிரண்டாய்த் தூக்கினான்.
நடுவில் லாரியில் சாய்ந்து நின்றான்.
கூலிக்குச் சோம்பல் என்று நினைத்தேன்.
உதடு வெளிறியிருந்தது.
குளிர் என்று நினைத்தேன்.

கண்ணாடியில் வைத்துக் கொடுத்தால் படித்துவிடுவேன்.
வாசலில் நின்றவனைப் படிக்கவில்லை.

ஐந்தரைக்கு வார்டிலிருந்து தகவல்:
முதல் மாத்திரைகள் விழுங்கிவிட்டான்,
கசக்கிறதா என்று கேட்டதற்குப்
பசிக்கிறது என்றானாம்.
பிழைப்பானா, தெரியாது.
நானும் ஒரு கேள்விக்குறி போட்டுவைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோதும் இருட்டுதான்.
அடுப்பில் அவன் விறகை வைத்தேன்.
சீறியது. நுரை தள்ளியது.
அறை முழுதும் புகை.
கோபம் வரவில்லை. குந்தி உட்கார்ந்து
ஊதினேன், ஊதினேன்.
ஒரு மணி நேரம் ஆயிற்று
பற்றிக்கொள்ள.