ரென் நகரில் மின்தடை

கடலுக்கு இங்கிருந்து ஒரு மணி நேர ரயில்.
கரந்தெக் கரையில் அள்ளிய மணல்
ஆய்வகத் தட்டில். அதில்
தோலுக்குள் பாசி வளர்க்கும் புழுக்கள்,
குறுநொய் அளவு.

அங்கே நீர் வடிந்தால்
இங்கே மேலேறி மணலைப் பச்சையாக்கும்.
அங்கே ஓதம் திரும்புமுன்
இங்கே புதைந்துகொள்ளும்.
தட்டில் கடல் இல்லையென்று
யாரும் அவற்றிடம் சொல்லவில்லை.

நான் இரவில் தரை துடைப்பவள்.
நேற்று மின்சாரம் போய் வந்தது.
சுவர்க் கடிகாரத்தில்
நான்கு சுழியங்கள் சிவப்பாய் இமைத்தன.
என் போன் செத்திருந்தது.

டார்ச் அடித்தேன்: பச்சை.
வாளித் தண்ணீர் மாற்றி வருவதற்குள்
வெறும் மணல்.
பையில் கிடந்த ஓத அட்டவணையைப் பிரித்து
கரந்தெக், வியாழன் என்று விரலோட்டி
நேரம் வைத்தேன்.
மூன்று ஐம்பது.

காலையில் எனோரா வந்தாள்.
கடிகாரம் இருபது நிமிடம் பிந்துதே என்றாள்.
புழுக்களைக் கேள் என்றேன்.
சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டாள்.
கொண்டுவந்து நாலு நாளாம்;
இனிக் கொஞ்சம் கொஞ்சமாய்
கடல் மறந்துபோகுமாம்.

வெயிலில் நடந்து வீடு போய்
திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறேன்.
பதினோரு வருடம்.
இந்த உடம்புக்கு
இன்னும் விடிகிறது.